மயிலாத்தாள் மொழி, பாடம் ஒன்று

தமயந்தி டம்ளரைக் கீழே போடுவதில் கெட்டிக்காரி. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்றுகூடச் சொல்லலாம். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் இருந்த வேர்மொழி நிலையத்துக்கு ஜெர்மன் படிக்க வருகிறவர்களை முதல் நாள் நாற்காலியில் உட்காரவைப்பாள். நெற்றியில் மூளையைப் படிக்கும் பட்டை ஒன்றைக் கட்டுவாள். ஊர் பேர் விசாரிப்பாள், காப்பி குடிச்சீங்களா என்பாள். ஆள் கொஞ்சம் அசந்த நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போடுவாள். ணங்! திடுக்கிட்டவர் வாயிலிருந்து முதலில் எது விழுகிறதோ அதுதான் அவருடைய தாய்மொழி.

விண்ணப்பத்தில் என்ன எழுதினாலும் டம்ளரிடம் பொய் சொல்ல முடியாது. வீட்டில்கூட இங்கிலீஷ்தான் என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண் "ஐயோ சாமி!" என்று அலறினாள். தமிழ் என்று எழுதிக்கொடுத்த ஒரு பெரிய மனிதர் தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுப்போனார். தமயந்தி சிரிக்க மாட்டாள். அவள் பார்ப்பது திரையை மட்டும்தான். அந்த ஒரு நொடியில் பட்டை ஆளின் தலைக்குள் வேர் எங்கே இருக்கிறது என்று பிடித்துவிடும். அதற்கப்புறம் ஆறு வாரம் அந்த வேர்மேல் ஜெர்மன் பாடம். வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: எந்தத் தாய்மொழிக்காரருக்கும் ஜெர்மன்!

சுவாதிகா வந்த அன்றைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கோபிசெட்டிப்பாளையத்துப் பெண். நர்ஸ். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, மொழித் தேர்வில் தேறினால்.

"இது எப்படிங்கக்கா வேலை செய்யுது?" என்று நெற்றிப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்.

"ஒட்டு மாங்கன்னு பாத்திருக்கறயா அம்மணி? புதுசா வெதை போட்டு, மொளைச்சு, காய்க்கறதுக்குள்ள வயசாயிரும். அதனால நின்னுட்டிருக்கற மரத்துலயே ஒட்டுக் கட்டறது. உன்ற தலைக்குள்ள தாய்மொழின்னு ஒரு மரம் நிக்குது. அதுல ஜெர்மனை ஒட்டுக் கட்டிட்டா, மரம் குடிக்கற தண்ணி அதுக்கும் போகும். அவ்வளவுதான்."

"மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"கொஞ்சம் வாடும். தேய்மானம்னு சொல்லுவோம். பேச்சு இருக்கும், பேச்சுல இருக்கற உப்பு கொறஞ்சிரும். அம்மா போன் பண்ணினா ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரி இருக்கும். ஒரு மாசம் நம்ம சனத்தோட பேசிப் பழகினா எல்லாம் நெரம்பிரும். இதுவரைக்கும் எல்லாருக்கும் நெரம்பிருக்குது."

சொல்லிக்கொண்டே டம்ளரைப் போட்டாள்.

சுவாதிகா துள்ளினாள். ஆனால் வாயே திறக்கவில்லை. வலது கை மட்டும் சடக்கென்று மேலே போய், ஒரு விரல் மூக்கின் பக்கவாட்டைத் தொட்டுவிட்டு இறங்கியது. திரையில் 'வேர் கிடைக்கவில்லை' என்று வந்தது. பாவம், மூக்கு அரிக்கிறது போல என்று தமயந்தி நினைத்தாள். மறுபடியும் பேச்சுக் கொடுத்து, மறுபடியும் போட்டாள். மறுபடியும் மூக்கு.

"சளி புடிச்சிருக்குதா அம்மணி?"

"இல்லீங்கக்கா."

சரி, நெஞ்சழுத்தக்காரி, சத்தம் போட மாட்டாள் என்று முடிவு கட்டி, வேர் என்ற இடத்தில் தமிழ் என்று தன் கையாலேயே போட்டுவிட்டாள். கோபிக்காரிக்கு வேறென்ன மொழி இருக்கப்போகிறது? பதினோரு வருஷ அனுபவம் ஒரு மனுஷிக்குத் தருகிற திமிர் இதுதான்.

பாடம் ஒட்டவில்லை. சுவாதிகா சோம்பேறி இல்லை. ஊருக்குப் போகாமல் கோயம்புத்தூரிலேயே ஒரு ஹாஸ்டலில் தங்கி, விடியக்காலை பஸ் பிடித்து வந்து, மத்தியானம் சாப்பிடாமல்கூட உட்கார்ந்து படித்தாள். சாயங்காலம் எல்லா வாக்கியமும் தடதடவென்று வரும். மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தால் துடைத்து வைத்த சிலேட்டு. இரண்டு வாரம் இப்படியே போனது. நிலையத்தின் இயக்குநர் பிரதாபன், வழுக்கையை மறைக்க ஒரு காதோரத்திலிருந்து இன்னொரு காதோரம் வரைக்கும் முடியை இழுத்து வாருகிறவர், அறைக்குக் கூப்பிட்டார்.

"தமயந்தி, அந்தப் பொண்ண அனுப்பிடுங்க. எல்லாருக்கும் எல்லாமும் வராது."

தமயந்தி இதைச் சொல்லத்தான் போனாள். போனபோது சுவாதிகா மாடிப்படியில் உட்கார்ந்து போனைச் சுவரில் சாய்த்துவைத்து, எதிரே உட்கார்ந்திருந்தாள். பேச்சே இல்லை. இரண்டு கையும் பறந்துகொண்டிருந்தன. போனுக்குள் ஒரு அம்மாள், காதில் கல்லுத் தோடும் மூக்கில் மூக்குத்தியும் போட்டவள், அதே வேகத்தில் கையை வீசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சண்டைதான், அதில் சந்தேகமே வேண்டாம். சுவாதிகாவின் முகத்தில் இந்த இரண்டு வாரமாகத் தமயந்தி பார்க்காத கோபம், கெஞ்சல், கேலி எல்லாம் வந்து வந்து போயின. கடைசியில் சுவாதிகா ஒரு விரலால் மூக்கைத் தொட்டாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள்.

தமயந்திக்குக் காலடியில் டம்ளர் விழுந்தது போல இருந்தது.

"அது அம்மாங்களா?"

"ஆமாங்கக்கா. அவங்களுக்குப் பொறவியிலயே காது கேக்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. மயிலாத்தாள்னு பேரு."

"மூக்கத் தொட்டயே?"

"அம்மான்னு அர்த்தங்க. மூக்குத்தி. சின்னப்புள்ளையிலிருந்து நான் அப்படித்தான் கூப்புடுவேன்." சுவாதிகா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அப்பா லாரிக்காரரு. வீட்டுல நானும் அம்மாவும்தான். பால்வாடிக்குப் போற வரைக்கும் நானும் பேசலைங்க. ஊமைன்னே நெனச்சாங்களாமா. அப்புறந்தான் பக்கத்து வீட்டுல, பள்ளிக்கூடத்துலன்னு தமிழ் கத்துக்கிட்டேன்."

"இந்தக் கைப்பேச்சு வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்குங்க தெரியும்? எனக்கும் அம்மாவுக்குந்தான். மாமனுக்கு 'சோறு', 'தண்ணி' தெரியும். அவருதான் சொல்றாரு, நீ போ கண்ணு, உன்ற ஆத்தாள ஒரு இல்லத்துல விட்டுரலாம்னு. இல்லத்துல விட்டா அவங்களோட யாருங்கக்கா பேசுவா? அதுக்குத்தான் ரெண்டு பேருக்கும் சேத்து விசாவுக்குப் போட்டிருக்கறேன். நான் தேறினாத்தான் அவங்களும் வர முடியும்."

தமயந்திக்குத் தன்னை நாலு அறை அறையலாம் போல இருந்தது. தமிழ் இந்தப் பெண்ணுக்கு வாடகை வீடு. நன்றாகத்தான் குடியிருக்கிறாள், கோலம்கூடப் போடுகிறாள். ஆனால் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க முடியுமா? சொந்த வீடு அவள் கையில் இருந்திருக்கிறது. அவள் அதைக் காட்டவும் காட்டினாள், இரண்டு தடவை. காதால் மட்டுமே மொழியைத் தேடிப் பழகிய தமயந்திக்கு அது அரிப்பாகத் தெரிந்தது.

பிரதாபனிடம் போய் நின்றாள். "வேர் கெடச்சிருச்சுங்க சார். கையில இருக்குது. பட்டைக்கு ஒரு கண்ணு வேணும், கேமரா."

"ரெண்டு பேர் பேசற பாஷை. இதுக்கெல்லாம் மெனக்கெட முடியுமா?"

"அப்ப வாசல்ல இருக்கற போர்டை எறக்கிட்டுச் சொல்லுங்க சார். 'எந்தத் தாய்மொழிக்காரருக்கும்'னு போட்டிருக்குது. நானே ஆள் வெச்சு எறக்கட்டுங்களா?"

பிரதாபன் முடியைத் தடவிவிட்டுக்கொண்டார். கேமரா வந்தது.

அந்த வாரமே தமயந்தி கோபிக்குப் போனாள். பட்டுக்கூடு பிரிக்கும் இடத்தில் வேலை முடிந்து வந்த மயிலாத்தாள், வாசலில் நின்ற தமயந்தியை ஏற இறங்கப் பார்த்தாள். மகள் கையால் விஷயத்தைச் சொன்னாள். மயிலாத்தாள் நம்பவில்லை. தன் பேச்சைக் கற்றுக்கொள்ள ஒருத்தி கோயம்புத்தூரிலிருந்து வருவாளா? யாரிடம் விடுகிறாய் இந்தக் கதையை? அப்புறம் தமயந்தி பையிலிருந்து டம்ளரை எடுத்து, அது எதற்கு என்று நடித்துக் காட்டினாள். போட்டாள், சுவாதிகா துள்ளினாள். மயிலாத்தாளுக்குச் சத்தம் தெரியாது. ஆனால் ஒரு டம்ளர் விழுந்தால் பெரிய மனுஷிகள் எல்லாம் தவளை மாதிரி குதிப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூடிய கையைப் படக்கென்று விரித்துக் காட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தமயந்தியின் பெயர் அதுதான், டம்ளர் போடுகிறவள்.

ஞாயிறு தவறாமல் போனாள். கேமரா பார்த்தது, தமயந்தியும் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. நேற்று என்பதற்கு முதுகுப்பக்கம் கை போகும். மழைக்கு இரண்டு விதம் உண்டு, துணி காயப்போட்ட அன்று வருகிற மழை வேறு. காதுத் தோட்டைப் பிடித்து லேசாக இழுத்தால் சுவாதிகா. பால் குடிக்கிற வயசில் அவள் தோட்டைப் பிடித்துத் தொங்குவாளாம், அதனால் வந்த பெயர்.

கையை வேராக வைத்துப் பாடம் ஆரம்பித்ததும் ஜெர்மன் பிய்த்துக்கொண்டு போனது. மூன்றாம் நாளே சுவாதிகா "குட்டன் மோர்கன்" என்று கதவைத் திறந்துகொண்டு வந்து, பஸ் தாமதமான கதையை ஜெர்மனிலேயே சொன்னாள். அடுத்த வாரம் ஒரு நோயாளியின் வலியை எங்கே, எப்படி, எவ்வளவு என்று கேட்டு எழுதினாள். தமயந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். பிரதாபன் தானே கண்டுபிடித்தது போல நான்கு பேருக்குப் போன் செய்தார்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மயிலாத்தாள் மகளைப் பார்க்க நிலையத்துக்கு வந்தாள். தூக்குப்போசியில் மகளுக்குப் பிடித்த வெல்லப் பலகாரம், கச்சாயம், சுட்டு எடுத்து வந்திருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, உள்ளே இருந்த மகளைப் பார்த்துக் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை.

சுவாதிகா எழுந்து வந்தாள். அம்மாவின் முகத்தைக் கவலையோடு பார்த்தாள். தமயந்தி பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"அம்மாவுக்குக் காது வலிக்குதாட்டம் இருக்குதுங்கக்கா. தோடு உறுத்துதோ என்னமோ."

மயிலாத்தாள் இன்னும் சிரித்தபடிதான் நின்றாள். மகள் நர்ஸ் அல்லவா, காது மடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயிலாத்தாளின் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. தூக்குப்போசியை மேசைமேல் வைத்துவிட்டு, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அப்படிக் கையை மூடிக்கொண்டு தமயந்தி அதுவரை பார்த்ததில்லை.

அம்மாளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து தமயந்தி மறைக்காமல் சொன்னாள். "காது வலி இல்ல அம்மணி. அது உன்ற பேரு."

சுவாதிகா புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"தேய்மானந்தான். எல்லாருக்கும் வர்றதுதான். ஆனா தமிழுக்குக் கோடிப் பேர் இருக்கறாங்க, பஸ்ஸுல, கடையில, சண்டையில காதுல விழுந்து விழுந்து நெரம்பிரும். உன்ற மொழிக்கு ஒருத்திதான். அவளும் ஞாயித்துக்கெழம மட்டும். எனக்கு இது முன்னமே தோணியிருக்கணும். தோணல. வேர் கெடச்ச சந்தோசத்துல கண்ணு மறைஞ்சுபோச்சு. தப்பு என்மேல. இப்பவே நிறுத்திட்டா மிச்சத்தையாவது காப்பாத்தலாம்."

"நிறுத்தினா ஜெர்மன்?"

"போயிரும்."

சுவாதிகா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். அவள் கை இரண்டும் மடியில் கிடந்தன. ஒரு காலத்தில் இந்தக் கைகள் சும்மாவே இருந்ததில்லை.

"நிறுத்த வேண்டாங்கக்கா" என்றாள். முகத்தில் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்துவிட்டது. "நிறுத்தினா அம்மாவோட பேசலாம், ஆனா மாமன் அவங்கள இல்லத்துல தள்ளி விட்டுருவாரு, நான் வேற ஊருல எங்கயாவது நைட் டூட்டியில கெடப்பேன். தேறினா ஒரே வீட்டுல இருக்கலாம். பேச்சு போனா மறுபடியும் படிச்சுக்கலாமுங்க. அம்மா போனா மறுபடியும் கெடைப்பாங்களா? ஜெர்மனே படிச்சுப்போட்டேன், எங்கம்மா பாஷையப் படிக்க மாட்டனா?"

"யாரு சொல்லிக் குடுப்பா?"

"நீங்கதானுங்க" என்றாள் சுவாதிகா. கொஞ்சமும் யோசிக்காமல்.

தமயந்தி அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டாள். போட்டது நான், எடுக்கிறவளும் நான்தான். ஆனால் வெறும் கையால் சொல்லிக்கொடுத்தால் வருஷக்கணக்கில் ஆகும். விமானத்துக்கு இருந்ததோ கொஞ்ச வாரம். ஆகவே பட்டைதான் வழி, பாடத்தைத் திருப்பிப் போட வேண்டும். ஜெர்மன் வேர், கற்பது மயிலாத்தாள் மொழி. அதனால் ஜெர்மன் கொஞ்சம் வாடுமா? வாடட்டும். அங்கே போனால் தெருவே ஜெர்மன் பேசும், வாடினதை ஊரே நிரப்பிவிடும். யோசிக்க யோசிக்க அவளுக்கே தன் மூளைமேல் மரியாதை வந்தது.

இயந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை. கற்பிக்க வேண்டிய மொழி என்ற இடத்தில் புதிதாக ஒன்றைப் போட்டால், குறைந்தது மூன்று பேர் அதில் கூடிப் பேசுவதை அதற்குக் காட்ட வேண்டும்.

"அதுல நியாயம் இருக்கே" என்றார் பிரதாபன். "ரெண்டு பேர் பேசினா அது ரகசியம். மூணு பேர் பேசினாத்தான் மொழி. உங்ககிட்ட இப்ப ரெண்டு பேர்கூட இல்லை. அந்தம்மா ஒருத்திதான்."

"நான் இருக்கறேன் சார். ரெண்டாவது."

"மூணாவது?"

"வரும்."

தேர்வில் சுவாதிகா தேறினாள், நல்லபடியாகவே தேறினாள். சான்றிதழை வாங்கி அம்மாவிடம் நீட்டியபோது கையால் சொல்ல ஒன்றும் வரவில்லை, தமிழில் "அம்மா, பாஸ்" என்று வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னாள். மயிலாத்தாள் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சோறு, தண்ணி என்று மட்டும் காட்டத் தெரிந்த மாமனைப் போல மகளும் ஆகிவிட்டாள்.

தமயந்தி விடுப்புப் போட்டுவிட்டு மயிலாத்தாளை நிலையத்துக்கே கூட்டி வந்துவிட்டாள். ஒரு காலி வகுப்பறையில் தினமும் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பட்டை கிடையாது, ஒட்டுக் கிடையாது. பழையபடி தப்புத்தப்பாகப் பேசி, கேலிக்கு ஆளாகித் திருந்துகிற முறை. ஒரு நாள் தமயந்தி 'எனக்குப் பசிக்கிறது' என்பதாக நினைத்து 'எனக்குக் கல்யாணம்' என்று சொல்லிவிட்டாள். மயிலாத்தாள் எழுந்து நின்று மாலை போடுவது போல அபிநயம் பிடித்தாள். அந்தம்மாளுக்கு நக்கலுக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை வருஷமாக அவ்வளவு நக்கலையும் ஒரே ஒரு ஆளிடம் செலவழித்திருக்கிறாள்.

அவளுக்கு இன்னொரு ஆனந்தமும் கிடைத்தது. மகளைப் பற்றி மகளிடமே குறை சொல்ல முடியாமல் இத்தனை காலம் தவித்தவள், இப்போது கொட்டித் தீர்த்தாள். சுவாதிகா சின்ன வயசில் வெல்லம் திருடியது, ஈரத் துணியைக் கட்டிலில் போடுவது, எவனையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடிப்பது, எல்லாம். சுவாதிகா ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். "என்னங்கக்கா சொல்றாங்க?" என்பாள்.

"சொல்ல மாட்டேன் போ. இது எங்களுக்குள்ள."

சுவாதிகாவுக்கு முகம் சிவந்துபோகும். தன் அம்மா, தன் பேச்சு, நடுவில் வேறொருத்தி. அந்தப் பொறாமை நல்லது என்று தமயந்தி விட்டுவிட்டாள்.

மூன்றாவது ஆள் அவளே எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தார். பிரதாபன் கண்ணாடிக்கு வெளியே போகும்போதெல்லாம் மயிலாத்தாள் உள்ளங்கையை இடது காதில் ஆரம்பித்து மண்டைமேல் வழித்து வலது காதுவரை கொண்டுபோவாள். உடனே தமயந்தி குனிந்துகொள்வாள், தோள் குலுங்கும். நாலு நாள் பொறுத்தார் மனுஷன். ஐந்தாம் நாள் உள்ளே வந்தார்.

"என்னைப் பத்தித்தானே?"

"உங்க பேருங்க சார்."

"என் பேரா?" அவருக்குக் கோபம் வருமா என்று தமயந்தி பார்த்தாள். வந்தது வேறு. "எனக்குக்கூடப் பேர் வெச்சாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, திருப்பி ஏதாவது சொல்லணுமே. 'உனக்கு வாய் ஜாஸ்தி'ன்னு எப்படிச் சொல்றது?"

"வாய்ங்கறது ஒத்து வராதுங்க சார். 'கை ஜாஸ்தி'ன்னு வேணும்னா சொல்லலாம்."

சொன்னார், கட்டை விரல் எங்கேயோ போக. மயிலாத்தாள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். மறுநாள் அவர் கூட்டத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மேலிடத்திலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. அந்தம்மாள் தன்னைப் பற்றித் தமயந்தியிடம் என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் அவருக்கு ராத்திரி தூக்கமே வரவில்லையாம். மூன்று பேரும் கேமரா முன்னால் கூடி உட்கார்ந்து, அரட்டை, கேலி, ஒரு முழுநீளச் சண்டைகூடப் போட்டு முடித்த பிறகு ஒரு மத்தியானம், திரையில் பச்சை விளக்கு எரிந்தது. மொழிகளின் வரிசையில் சேர்க்க இயந்திரம் ஒரு பெயர் கேட்டது. மயிலாத்தாள் மொழி என்று தமயந்தி தட்டினாள்.

சுவாதிகாவை அதே முதல் நாள் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நெற்றியில் பட்டை. டம்ளரைத் தமயந்தி எடுக்கப் போனாள். மயிலாத்தாள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். இத்தனை நாளாக அவளுக்கு அதன்மேல் ஒரு கண். சத்தமே கேட்காத அந்த அம்மாள் மகளின் முதுகுக்குப் பின்னால் போய், தோள் உயரத்துக்குத் தூக்கி, டம்ளரை விட்டாள்.

"உம் கொட்டஸ் வில்லன்!" என்று அலறினாள் சுவாதிகா.

கடவுளே என்று அர்த்தம். சுத்தமான ஜெர்மன். திரையில் 'வேர்: ஜெர்மன்' என்று வந்தது. இருபத்தேழு வருஷம் ஒருத்தியைக் கையால் கூப்பிட்டு வளர்ந்த பெண் பயத்தில் இப்போது அவளைக் கூப்பிடவில்லை. சுவாதிகாவே வாயைப் பொத்திக்கொண்டாள். பிரதாபன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன செய்துவிட்டேன், என்ன செய்துவிட்டேன் என்று தமயந்தியின் மனசு அடித்துக்கொண்டது. மயிலாத்தாள் மட்டும் மகள் குதித்த குதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த மொழியில் அலறினாலும் ஒன்றுதான்.

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, வேர் கெடச்சிருச்சு. இனி அழுது என்ன புண்ணியம்? பாடத்த ஆரம்பிக்கலாம்."

மயிலாத்தாள் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாத்தியாரம்மா போல நிமிர்ந்துகொண்டாள். உலகத்தில் எந்த மொழியிலும் பாடம் ஒன்று என்பது ஒன்றுதான். அவள் சுவாதிகாவை நோக்கி உள்ளங்கையை மல்லாத்தி நீட்டினாள்.

சுவாதிகா தமயந்தியைப் பார்த்தாள்.

"உன்ற பேர் என்னன்னு கேக்கறாங்க."

சுவாதிகாவின் கை மேலே எழுந்தது, பாதியில் நின்றது. காதோ கன்னமோ என்று தடுமாறியது. அன்றைக்குத் தமயந்தி சொல்லியிருந்தாள்தான். கேட்டது வேறு, தெரிவது வேறு. "எனக்கு வரலைங்கக்கா" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

மயிலாத்தாள் காத்திருக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் காதுக்குக் கொண்டுபோனாள். அந்த விரல்களைத் தன் தோட்டில் மாட்டி, இழுக்கவைத்தாள், வலிக்கிற அளவுக்கு. அப்புறம் அதே கையைக் கொண்டுவந்து மகளின் காதில் வைத்தாள். இரண்டாவது தடவையாகப் பெயர் வைத்தாள்.

சுவாதிகா செய்து பார்த்தாள். மயிலாத்தாள் புறங்கையில் ஒரு அடி போட்டாள், நடுவிரல் இல்லை, ஆள்காட்டி விரல். மறுபடியும் செய்தாள். தப்பு. மறுபடியும். நாலாவது தடவை சரியாக வந்தது, ஆனால் வெளியூர்க்காரி பேசுவது போல ஒரு இழுவை இருந்தது. அது இனி எப்போதும் இருக்கும் என்று தமயந்திக்குத் தெரியும். மயிலாத்தாளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் பிரதாபன் பக்கம் திரும்பி மளமளவென்று ஏதோ சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கடகடவென்று சிரித்தார்.

"என்னங்க சார் சொல்றாங்க?" என்று கேட்டாள் சுவாதிகா.

"பாடம் அஞ்சு வரைக்கும் படிம்மா. தானா தெரியும்."

சுவாதிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, காதுத் தோட்டை இன்னொரு தடவை இழுத்தாள். மயிலாத்தாள் தலையாட்டினாள். அடுத்த வார்த்தைக்குப் போகலாம் என்று தன் விரலை உயர்த்தினாள்.

அந்த விரல் மூக்குத்திவரை போகவில்லை. அதற்கு முன்பே சுவாதிகா தன் மூக்கை விரலால் தொட்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திரை ஒன்றும் காட்டவில்லை.

இந்தத் தடவை தமயந்தி அதை அரிப்பு என்று நினைக்கவில்லை.